ஸ்னேஸ்கூட்டரில் நாலு கிலோமீட்டர்

டென்மார்க்கின் யூலண்ட் பக்கத்துக் கமக்காரர்கள் வணக்கம் சொல்வது ஒற்றை விரலால். கையை எடுப்பதில்லை, தலையை ஆட்டுவதில்லை, சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. எதிரே கார் வரும்போது ஸ்ரியரிங்கைப் பிடித்திருக்கும் கையில் சுட்டுவிரல் மட்டும் ஓர் அங்குலம் எழும்பும், பிறகு படுத்துவிடும். அவ்வளவுதான் மரியாதை. பிராண்டேக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் போகும் எங்கள் ஒடுங்கிய ரோட்டில் நான் இருபத்தாறு வருடமாகக் கார் ஓடுகிறேன். அந்த விரல்கள் தங்களுக்குள் எழும்புவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு எழும்பியதில்லை. போன மாசி மாதம் ஒரு நாள் பால் லொறி ஓட்டுகிறவர் என்னைக் கண்டதும் விரலை எழுப்பினார். எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களோ என்று கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டில் நான் மட்டும்தான். அடுத்த நாள் இன்னொருவர். இப்போது கடைக்குப் போய் வருவதற்குள் மூன்று நாலு விரல் கிடைத்துவிடுகிறது. முதல் தரம் நான் பதிலுக்கு முழுக் கையையும் தூக்கி ஆட்டியபோது பக்கத்தில் இருந்த மனைவி றஞ்சினி, "என்னப்பா, பஸ் மறிக்கிறீங்களோ?" என்று கேட்டாள்.

அந்த விரல்கள் எனக்கு எப்படிக் கிடைத்தன என்பதைத்தான் எழுதப்போகிறேன். பெருமைக்கு எழுதுகிறான் என்று யாராவது சொன்னால், ஓம், பெருமைக்கும்தான். எனக்குப் பெருமைப்பட அதிகம் இல்லை. உள்ளதைச் சொல்லாமல் விட மனமில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பெட்ரோல் வராத காலம் அது. மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் எஞ்சின் தானாக எழும்பாது. மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் நாலு சொட்டு விட்டு உதைக்கவேண்டும், அது இருமிக்கொண்டு எழும்பிய கையோடு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடவேண்டும். நான் படித்த படிப்பு அதுதான். பிறகு கொழும்பு லொட்ஜ், மொஸ்கோ, கீவ், அதற்குப் பிறகு பெயர் தெரியாத எல்லைகள். டென்மார்க்குக்கு வந்தும் இருந்த இடத்தில் இருக்க எனக்கு வரவில்லை. மேற்குக் கரையில் மீன் வெட்டினேன், மிங்க் பண்ணையில் கூடு கழுவினேன், கண்ணாடி வீட்டில் தக்காளி பிடுங்கினேன், ஹேர்னிங்கில் துணித் தொழிற்சாலையில் நின்றேன், கடைசியில் பிராண்டேயில் காற்றாலைக்கு இறக்கை செய்யும் வேலைக்கு வந்தேன். ஊர் மாறாமல் இருப்பது றஞ்சினியால். அவள் நாற்பத்து நாலு வயதில், இங்கே 'சோசு' என்று சொல்லும் பராமரிப்புப் படிப்பைத் தொடங்கி, டெனிஷ் சோதனையில் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் தேறி, இன்று வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு மருந்து கொடுக்கிறாள், ஊசி போடுகிறாள். எங்கள் வீட்டில் படித்தவர் யார் என்று கேட்டால் நான் அவளைத்தான் காட்டுவேன்.

எங்கள் வளவுக்கு அடுத்தது பௌலின் காணி. பௌல் என் வயதுக்காரன், மாடு வைத்திருக்கிறான், கதை குறைவு. ஒரு நாள் அவனுடைய ட்ராக்டருக்கு பெல்ட் மாற்றப் போனபோது, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் படங்கு போர்த்த ஒரு சாமானைக் கண்டேன். படங்கைத் தூக்கிப் பார்த்தால் ஸ்னேஸ்கூட்டர். ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொன்னால்: முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு ஒரு அகன்ற ரப்பர் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிள் சீற். பனிக்கு மேலே ஓடும். சுவீடனின் வடக்கில் வாங்கிக்கொண்டு வந்ததாம். இந்த நாட்டில் அதை ரோட்டில் ஓடமுடியாது. சொந்தக் காணிக்குள், அல்லது காணிக்காரன் சம்மதித்தால் அவன் காணிக்குள்.

"ஓடுமா?"

"ஓடாது."

"எத்தனை வருசம்?"

"பன்னிரண்டு."

"ஓடினால்?"

தோளை ஒருக்கால் உயர்த்திவிட்டு மாடு பார்க்கப் போய்விட்டான். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மூன்று சனிக்கிழமை வேலை. காற்று வடிகட்டிக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக இறுகிக் கிடந்தது. சுரண்டி, கழுவி, பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்துக்குள் நாலு சொட்டு விட்டு, திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுத்தேன். ஒன்பதாவது இழுவையில் நீலப் புகை கக்கிக்கொண்டு எழும்பியது. கோழிகள் கூரைவரை பறந்தன. பௌல் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இக்க சோ ரிங்ஙே" என்றான். சொல்லுக்குச் சொல் பார்த்தால், அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தம். மீன் தொழிற்சாலையில் முதல் வருடம் மேலாளர் என் வேலையைப் பார்த்து இதையே சொன்னபோது, வேலை பறிபோகப்போகிறது என்று நினைத்து நான் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு மீன் வெட்டினேன். யூலண்டில் அதற்கு மேலே வேறு பாராட்டு கிடையாது என்பது தெரிய எனக்குப் பல வருடம் எடுத்தது.

அதற்குப் பிறகு எந்த மாரியில் பனி நின்றாலும், நிற்கிற அந்த நாலைந்து நாளும் பௌலின் வயலில் அதை ஓடுவது என் பழக்கமாகிவிட்டது. அவன் பின்னால் இருப்பான், அல்லது வேலியடியில் நின்று சிகரெட் பிடிப்பான்.

இந்த முறை தை மாதக் கடைசியில் கிழக்குக் காற்றோடு பனி வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை கொட்டுவது நின்றது, காற்று நிற்கவில்லை. எங்கள் ரோடு இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு பக்கத்துப் பற்றைகளின் உயரத்துக்குப் பனி மேவி நிரப்பியிருந்தது. றஞ்சினி யன்னலடியில் தொலைபேசியோடு நின்றாள். அவள் கவனிக்கும் ஆட்களில் ஒருவர் கிர்ஸ்டன். வயது எண்பத்து நாலு, சலரோகம், கண் அனேகமாகத் தெரியாது, தனியாக இருக்கிறார். இன்சுலின் ஊசியின் அளவை அவரால் பார்த்து வைக்கமுடியாது. முந்தின நாள் பின்னேர ஊசி போடப்படவில்லை. காலை ஊசிக்கு நேரம் வந்துவிட்டது. ரோட்டால் ஒன்பது கிலோமீட்டர். பனி வழிக்கும் வண்டி பின்னேரத்துக்கு முன் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

"கிர்ஸ்டன் என்னவாம்?" என்று கேட்டேன்.

"போகுது எண்டு சொல்லுறா."

"அப்ப பரவாயில்லைத்தானே."

"ரெண்டுதரம் சொன்னவா. அவ ஒரு சொல்லை ரெண்டுதரம் சொல்லுற மனிசி இல்லை. நாக்கும் தடிச்சுக் கிடக்கு."

நான் பௌலின் கொட்டிலின் பக்கம் பார்த்தேன். அவளும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அலுவலகத்துக்கு எடுத்து, இப்படி ஒரு வண்டி இருக்கிறது, வயலால் போனால் நாலு கிலோமீட்டர்தான், போகட்டோ என்று கேட்டாள். மறுமுனையில் இருந்த பெண், "டே மோ டு செல் ஓம்" என்றாள். அது உன் பாடு என்று அர்த்தம். எங்கள் காதுக்கு 'ஓம்' என்று முடியும். ஆனால் அதற்குள் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. போனால் நீ போனாய், போகாவிட்டால் நீ போகவில்லை.

"ஓமெண்டு சொல்லிப்போட்டாள், வெளிக்கிடுங்கோ" என்றாள் றஞ்சினி. அவளுக்கு அதன் அர்த்தம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

பௌலுக்கு இரண்டு மாதம் முன்புதான் இடுப்பு எலும்பு மாற்றியிருந்தார்கள். இரண்டு ஊன்றுகோலில் நின்றான். நான் விஷயத்தைச் சொன்னதும் மாட்டுத் தீன் பையொன்றைக் கிழித்து மேசையில் விரித்து, தடித்த பேனையால் கோடு போடத் தொடங்கினான். வழியில் மூன்று காணி. ஒன்று அவனுடையது, மற்ற இரண்டின் சொந்தக்காரருக்கும் தொலைபேசி எடுத்தான். அவர்கள் சொல்லச் சொல்ல இவன் கீறினான்: இந்த மூலையில் வயலில் பொறுக்கிய கல்லுக் கும்பம், பனி மூடினால் மேடு மாதிரித் தெரியும், ஏறாதே. இங்கே முள்ளுக்கம்பி, பனி மேவிய இடத்தில் கம்பி பட்டியில் சுற்றும், மேவாத இடத்தில் உன் நெஞ்சுக்கு நேரே வரும். இங்கே வாய்க்கால், பனியால் நிரம்பி வயலோடு சமமாகக் கிடக்கும், குழாய் போட்ட இடத்தால் மட்டும் கட. கடைசியில் சிற்றாறு. கரையில் ஐஸ், ஐஸுக்கு மேலே பனி, கீழே ஓடுகிற தண்ணீர். அதற்கு ஒரேயொரு சின்னப் பாலம், இரண்டு பக்கமும் தலையில் சிவப்பு அடித்த கட்டைகள். இரண்டு கட்டையும் தெரிந்தால்தான் பாலம். அதற்கு அப்பால் கிர்ஸ்டன் வீடு.

இரண்டாவது காணிக்காரன் தொலைபேசியில் ஏதோ கேட்டான். பௌல் என் பெயரைச் சொன்னான், "சிவா." திரும்பவும் ஏதோ கேட்டான். "அதை எழுப்பினதே அவன்தான்" என்று சொல்லிவிட்டுப் பௌல் தொலைபேசியை வைத்தான். அந்த ஒரு வசனத்துக்கு நான் இன்னொரு நாலு கிலோமீட்டர் போயிருப்பேன்.

பிறகு அவன் என் மணிக்கட்டில் ஒரு சுருள் கயிற்றைக் கட்டினான். அதன் மறுமுனை வண்டியின் சுவிட்ச்சில். ஓடுகிறவன் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நிற்கும். டெனிஷில் அதற்குப் பெயர் 'செத்தவன் சுவிட்ச்'. பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம், செத்தவன் ஆகாமல் இருக்கத்தான். கையில் ஒரு விளக்குமாற்றுத் தடியையும் தந்தான். "சந்தேகம் வந்தால் நில். இறங்கு. குத்திப் பார். அதற்குப் பிறகு போ."

"அப்ப எனக்குக் கயிறு?" என்று றஞ்சினி கேட்டாள்.

"உனக்கில்லை. நீ அவனைப் பிடி" என்றான் பௌல்.

"முப்பது வருசமாப் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்று அவள் தமிழில் சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று பௌல் கேட்டான். கவனமாக இருப்பாளாம் என்று சொன்னேன்.

தலைக்கவசம் இரண்டு இருந்தன. காது மூடும் பெரியது எனக்கு. பௌலின் மகள் குதிரை ஓடிய காலத்துத் தொப்பி அவளுக்கு. இன்சுலினும் மீட்டரும் இருந்த பையை அவள் ஜாக்கெட்டுக்கு உள்ளே, நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். வெளியே வைத்தால் மருந்து உறைந்துவிடும். ஒன்பது மணியளவில் வெளிக்கிட்டோம்.

ஸ்னேஸ்கூட்டர் என்றால் பறப்பது என்று நினைப்பவர்களுக்கு: நாங்கள் மாட்டு வண்டில் வேகத்தில் போனோம். வெயில் இல்லாத பனிக்காலையில் நிழல் இருக்காது. நிழல் இல்லாவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றுதான்; வானமும் தரையும் ஒரே சுவரில் அடித்த சுண்ணாம்பு போலக் கிடக்கும். வண்டி தலை குனியும்போதுதான் பள்ளம் வந்தது தெரியும். அதனால் நான் சீற்றில் இருக்காமல் ஒரு முழங்காலை ஊன்றி எழும்பி நின்றபடி ஓடினேன். உயரத்திலிருந்து பார்த்தால் வேலிக்கட்டைகளின் நுனிகள் முன்கூட்டியே தெரியும். றஞ்சினிதான் ஆரம்பத்தில் கரைச்சல். வண்டி சரியும் பக்கத்துக்கு எதிராக உடம்பை வளைத்தாள்.

"நீர் நான் சரியிற பக்கம் சரியும்!"

"விழுந்திடுவன்!"

"எதிர்ப்பக்கம் சரிஞ்சாத்தான் விழுவம்! சைக்கிள் பாரில இருக்கிறன் எண்டு நினையும்."

"பாரில எப்ப ஏத்தினனீங்கள், இப்ப நினைக்க?"

அதற்குப் பிறகு சரியாகச் சரிந்தாள். கல்லுக் கும்பத்தை வலப்பக்கம் விட்டுக் கடந்தோம். முள்ளுக்கம்பிக்கு இறங்கி நடந்துபோய், கடவை இருந்த இடத்தைக் கையால் தடவிப் பிடித்தோம். வாய்க்காலில் தடியை விட்டேன். என் முழங்கை வரை போயும் அடி தட்டவில்லை. பத்து அடி தள்ளி விட்டேன். 'டொக்' என்று குழாய் மேடு தட்டியது. அதால் கடந்தோம். மூன்றாவது காணியின் கடைசியில் வந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒரு கோடு பிசகவில்லை. தூரத்தில் கிர்ஸ்டன் வீடு தெரிந்தது. புகைபோக்கியில் புகை இல்லை.

அந்தப் புகையில்லாத புகைபோக்கிதான் என்னை அவசரப்படுத்தியது. வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு தாழ்வு. கரையில் ஒரு கட்டை தெரிந்தது. தலையில் சிவப்பு மாதிரித்தான் இருந்தது. மற்றக் கட்டையைப் பனி மூடியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இறங்கவில்லை. தடி என் காலடியில் செருகியபடி இருந்தது, எடுக்கவில்லை. தலையைப் பாதி திருப்பி, எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினேன்: "பாலம் உதுதானே? போகலாமோ?"

பின்னாலிருந்து றஞ்சினியின் குரல் வந்தது. "ஓ! ஓ!"

யாழ்ப்பாணத்தில் 'ஓ' என்றாலும் 'ஓம்' என்றாலும் ஒரே அர்த்தம்தான், ஆமாம். நான் வேகப்பிடியை அழுத்தினேன்.

அடுத்து நடந்ததற்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. முன் சறுக்குக் கட்டைகள் வெறுமைக்குள் போயின. கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு சத்தம். "ஐயோ அம்மா" என்று நான் கத்தியது என் காதுக்கே கேட்டது. கைக்கயிறு வெடுக்கென்று இழுபட, எஞ்சின் செத்தது. நான் தொடைவரை தண்ணீருக்குள் நின்றேன். வண்டி தலைகுப்புற, பின் பட்டி கரையில், மூக்கு ஆற்றில். றஞ்சினி பின்பக்கமாகப் பனிக்குள் மல்லாக்க விழுந்து கிடந்தாள், இரண்டு கையாலும் நெஞ்சுப் பையைப் பிடித்தபடி.

விளக்கம் சொல்லவேண்டும். டெனிஷ் மொழியில் சிற்றாற்றுக்குப் பெயர் ஒற்றை எழுத்து. தலையில் சின்ன வட்டம் போட்ட ஓர் எழுத்து. அதை 'ஓ' என்றுதான் சொல்வார்கள். அதுவே முழுச் சொல். றஞ்சினி 'ஆறு! ஆறு!' என்று கத்தியிருக்கிறாள், டெனிஷில். நான் தமிழில் கேட்டேன், அவள் பதில் சொன்னாள், நான் போனேன். இந்த நாட்டுக்காரன் ஒருவன் இப்படி ஆற்றுக்குள் போயிருக்கமாட்டான். தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியியலாளர் ஒருவரும் போயிருக்கமாட்டார். யாழ்ப்பாணத்தானுக்கு மட்டும் வாய்த்த விபத்து இது.

அவள் என் கொலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். இழுத்துக்கொண்டே ஏசினாள்.

"ஆறு எண்டு கத்துறன், நேர உள்ள விடுறீங்கள்! விசரே உங்களுக்கு?"

"நீர் எங்க ஆறெண்டு கத்தினனீர்? ஓ எண்டெல்லோ கத்தினனீர்!"

"அதுதானே ஆறு!"

"தமிழ்ல கேட்டா தமிழ்ல சொல்லவேணும்!"

"நான் யோசிச்சே கத்தினனான்? தண்ணியக் கண்டன், வாயில வந்திட்டுது!"

நான் பயத்தில் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் பயத்தில் டெனிஷ் பேசியிருக்கிறாள். படிக்கப் போன வாய் அது. நாளெல்லாம் வயதானவர்களிடம், விழாதே, பிடி, மெல்ல என்று அந்த மொழியில் சொல்லிப் பழகிய வாய். ஆபத்தென்றால் அந்த மொழிதான் முந்தும். இதையெல்லாம் நான் பிறகுதான் யோசித்தேன். அந்த நேரம் என் இரண்டு காலும் எனக்குச் சொந்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

"மருந்து?" என்று கேட்டேன்.

ஜாக்கெட்டைத் திறந்து பார்த்தாள். "காய்ஞ்சு கிடக்கு. நடவுங்கோ. நிக்காதேங்கோ."

இப்போது தடியை எடுத்தேன். கரையோரமாக நாற்பது அடி தள்ளி, இரண்டு கட்டைகள் இருந்தன, இரண்டின் தலையிலும் நல்ல சிவப்பு. அதுதான் பாலம். நான் பார்த்தது ஏதோ பழைய வேலிக்கட்டை, துரு ஏறிய கம்பி சுற்றியது. பாலத்தைக் கடந்தால் வீட்டுக்கு முந்நூறு மீற்றர் இருக்கும். இடுப்பளவு பனி. அவள் முன்னே உழுதுகொண்டு போனாள். நான் அவள் காலடித் தடத்தில் கால் வைத்தேன். இப்படி நடப்பது எனக்குப் புதிது இல்லை. தொண்ணூறுகளில் ஓர் எல்லையை நாங்கள் பதினொரு பேர் இதே மாதிரித்தான் கடந்தோம், முன்னால் போகிறவனின் தடத்தில், சப்பாத்துக்குள் தண்ணீரோடு. எங்களோடு வந்த வவுனியா ஆள் ஒருவர், கொஞ்சம் இருந்து எழும்பி வாறன் என்று மரத்தடியில் இருந்தார். நாங்கள் பத்துப் பேர் மற்றப் பக்கம் போனோம். பனியில் நனைந்த காலோடு இருக்கக்கூடாது என்பதை நான் அன்றைக்குப் படித்தேன். அதனால் அந்த முந்நூறு மீற்றரில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அவளும் விடவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "வாறீங்களோ? கதையுங்கோ, சத்தம் கேக்கவேணும்" என்றபடி போனாள். நான் தெரிந்த எல்லா வாகனங்களின் பெயரையும் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

கிர்ஸ்டன் குசினி மேசையடியில் மேலங்கியோடு இருந்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. எழும்பிப்போய் விறகு வைக்கச் சக்தி இல்லை. கதவு திறந்த சத்தத்துக்கு முகத்தைத் திருப்பி, தடித்த நாக்கால், "நேற்றல்லவா நீ வரவேண்டும்" என்றார்.

றஞ்சினி விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தாள். இலக்கம் வரவில்லை. 'HI' என்று இரண்டு ஆங்கில எழுத்து வந்தது. எனக்கு அந்த நடுக்கத்திலும் சிரிப்பு வந்தது. "மெஷின் ஹாய் சொல்லுது" என்றேன்.

"ஹாய் இல்லை. மெஷினால எண்ணேலாத அளவுக்குச் சீனி ஏறியிருக்கு எண்டு அர்த்தம். நீங்கள் அடுப்பை மூட்டுங்கோ."

அதற்குப் பிறகு நான் பார்த்தது என் மனைவியை அல்ல. கடமை வைத்தியருக்கு எடுத்தாள், நாள், நேரம், தவறிய ஊசி, மீட்டர் காட்டியது எல்லாவற்றையும் ஒரு சொல் தடக்காமல் சொன்னாள், அவர் சொன்ன அளவைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தாள், ஊசியைப் போட்டாள், தண்ணீர் குடிக்கவைத்தாள். மணிக்கொரு தரம் பார்க்கவேண்டும், இறங்காவிட்டால் பனி வண்டியோடு அம்புலன்ஸ் அனுப்புவோம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். முதல் மணித்தியாலம் 'HI'. இரண்டாவது மணித்தியாலமும் அதே. அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி, கிர்ஸ்டனின் கையைப் பிடித்தபடி, இருக்காமல் நின்றாள். மூன்றாவது தரம் இலக்கம் வந்தது. பெரிய இலக்கம்தான், ஆனால் இலக்கம். "நம்பர் வந்திட்டுது" என்று எனக்குச் சொன்னாள், டெனிஷில். பிறகுதான் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இருந்தாள்.

இதற்கிடையில் கிர்ஸ்டன் என்னையும் கவனித்திருந்தார். என் பல் அடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. செத்துப்போன தன் கணவன் நீல்ஸின் அலுமாரியைத் திறக்கச் சொன்னார். தடித்த கம்பளிக் காற்சட்டை ஒன்று, என் உயரத்துக்கு ஒரு முழம் கூட. மூன்று மடிப்பு மடித்துக் கயிற்றால் இடுப்பில் கட்டினேன். மரச் சப்பாத்து ஒரு சோடி. என் நனைந்த காற்சட்டையை அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டேன். மரச் சப்பாத்தோடு குசினியில் நடந்தபோது கிர்ஸ்டன் தலையைச் சரித்துக் கேட்டார். அப்போது அவர் நாக்குத் தெளிந்திருந்தது.

"நீல்ஸும் இப்படித்தான் நடப்பார். ஆற்றுக்குள் போய்விட்டு வந்தால்."

"அவரும் போனவரா?"

"மூன்று தரம். ஒருதரம் ட்ராக்டரோடு. ஒருதரம் சைக்கிளோடு. ஒருதரம் ஒன்றும் இல்லாமல், கலியாண வீட்டால் வரும்போது." கோப்பியை ஒரு மிடறு குடித்தார். "இந்தப் பக்கத்து ஆம்பிளைகள் எல்லாரும் ஒருக்கால் போனவர்கள்தான். போகாதவன் வெளியூரான்."

றஞ்சினி என்னைப் பார்க்காமல் மீட்டரைத் துடைத்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

பின்னேரம் மற்றக் காணிக்காரன் ட்ராக்டரோடு வந்து ஸ்னேஸ்கூட்டரைக் கரைக்கு இழுத்து, எங்களையும் ஏற்றிக்கொண்டு வந்தான். பௌல் வளைந்துபோன சறுக்குக் கட்டையைப் பார்த்தான். "இறங்கிக் குத்திப் பார்க்கவில்லை" என்றான். "இல்லை" என்றேன். கிர்ஸ்டன் எப்படி என்று கேட்டான், சொன்னேன். இதைத் திருத்த எப்போது வருகிறாய், சனிக்கிழமையா என்று கேட்டான். ஊரெல்லாம் கதை பரப்பியதும் அவன்தான் என்று நினைக்கிறேன், வாரத்தில் பத்துச் சொல் பேசுகிறவன்.

இதை வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு, உங்களில் யாராவது சுவீடனுக்கோ நோர்வேக்கோ விடுமுறைக்குப் போய் இந்த வண்டியில் ஏறினால்: கயிற்றைக் கையில் கட்டுங்கள். கம்பியைத் தேடுங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிக் குத்திப் பாருங்கள். இரண்டு இடத்தில் இறங்கி மூன்றாவது இடத்தில் இறங்காதவன் சொல்கிறேன். இன்னொன்று, நீங்கள் கேட்கிற மொழியில்தான் பதில் வரும் என்று நம்பவேண்டாம், பின்னால் இருப்பது உங்கள் மனைவியாக இருந்தாலும்.

அன்றைக்கு நான் நீல்ஸின் காற்சட்டையோடுதான் வீட்டுக்கு வந்தேன். என்னுடையது காயவில்லை, அங்கேயே கம்பியில் கிடந்தது. தோய்த்துக் கொடுத்துவிடுங்கோ என்று றஞ்சினி இரண்டு மூன்று தரம் சொன்னாள். தோய்த்துவிட்டேன். கொடுக்கவில்லை. கிர்ஸ்டனும் கேட்கவில்லை. போன கிழமை றஞ்சினி அங்கே துவாய் எடுக்க அலுமாரியைத் திறந்தபோது, என் காற்சட்டை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி மடித்து நீல்ஸின் சேட்டுகளுக்கு மேலே இருந்ததாம். கண் தெரியாத மனிசி எப்படித்தான் மினுக்கினாவோ, மடிப்பு நேராக இருந்தது என்றாள். எங்கள் வீட்டில் நீல்ஸின் காற்சட்டை என் அலுமாரியில், கோயிலுக்குக் கட்டும் பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று மடிப்பையும் நான் இன்னும் அவிழ்க்கவில்லை.